கூட்டவா, பெருக்கவா? எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த வழி

மாலை ஆறு மணி ஆனால் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஏழெட்டு என்றால் 56 அல்ல, ஏழோ எட்டோ. இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் அவர்களில் ஒருத்தி, மூன்றாம் வகுப்புப் பெண். "நிச்சயதார்த்தத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள்" என்று நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். "ஐம்பத்தாறு பேரா, அத்தை?" என்று நடுவில் புகுந்து கேட்டாள். சிரித்துவிட்டேன். எட்டாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பவள் அவள்.

அன்றைக்கே அவளிடம் ஒரு கணக்குக் கேட்டேன். ஒரு பெட்டியில் எட்டு லட்டு, மொத்தம் ஏழு பெட்டி, எத்தனை லட்டு? விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்: "கூட்ட வேண்டுமா, பெருக்க வேண்டுமா?"

ஐம்பத்தாறு அவள் நாக்கின் நுனியில் இருக்கிறது. ஆனால் லட்டுப் பெட்டிக்கும் அந்த ஐம்பத்தாறுக்கும் இடையே வழி இல்லை. அடுத்த வாரம் அவளுடைய அம்மா வந்தார். ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் அபாகஸ் (மணிச்சட்டம்) வகுப்பில் மாதம் 800 ரூபாய் கேட்கிறார்கள், சேர்க்கலாமா? அல்லது கைப்பேசியில் கணக்குச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டலாமா? அல்லது பழையபடி இருபதாம் வாய்ப்பாடு வரை உருப்போட வைத்தால் போதுமா? நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார். நானும் நின்றபடியே ஏதோ சொன்னேன். உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியது கீழே இருக்கிறது.

எந்த வழியையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன். எப்போது பெருக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா? விடை தடையில்லாமல் வருகிறதா? அந்த விடையைத் திருப்பிப் பிடித்து வகுக்கத் தெரிகிறதா? லட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது மட்டும் இருந்தது, அதுவும் அரைகுறையாக. அரைகுறை என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு வாய்ப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

வாய்ப்பாடு

மனப்பாடம் என்றாலே மூக்கைச் சுளிப்பது இப்போது படித்தவர்களிடையே நாகரிகமாகிவிட்டது. நான் அந்தக் கட்சி இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள், முழு எண்ணோடு நிற்காமல் கால் (1/4), அரைக்கால் (1/8), மாகாணி (1/16) ஆகியவற்றையும் பெருக்கினார்கள். நெல்லளக்கவும் நிலமளக்கவும் அந்த மனக்கணக்கு வேண்டியிருந்தது. 16 அணா ஒரு ரூபாய் என்றிருந்தவரை 16ஆம் வாய்ப்பாடு கடைக்குப் போகிற பிள்ளைக்குக் கைச்செலவுச் சமாச்சாரம். 1957இல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று வந்த பிறகும் அது வாய்ப்பாட்டுப் புத்தகத்தை விட்டு இறங்கவில்லை. அது ஏன் இருக்கிறது என்று இன்று பிள்ளைக்கும் தெரியாது, மிரட்டிக் கேட்கிற அப்பாவுக்கும் தெரியாது. பத்தாம் வாய்ப்பாடு வரை உறுதியாக வந்தால் போதும். அதற்கு மேல் இருப்பதைப் பிரித்துப் பெருக்கிக்கொள்ளலாம். 14 × 6 என்பது பத்தாறு அறுபது, நாலாறு இருபத்துநாலு, ஆக 84.

தமிழ் வாய்ப்பாட்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நாலு, மூவிரண்டு ஆறு, நாலிரண்டு எட்டு. முதலில் வருவது எத்தனை தடவை என்பது, பின்னால் வருவது எது என்பது. மூவிரண்டு என்றால் மூன்று இரண்டுகள். மூன்று ஜோடிச் செருப்பு. இரண்டு மாறாமல் நிற்கிறது, ஜோடிகள் ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. ஆங்கில வழிப் பள்ளிப் பிள்ளைகள் இதே வாய்ப்பாட்டை 'டூ ஒன்ஸ் ஆர் டூ, டூ டூஸ் ஆர் ஃபோர், டூ த்ரீஸ் ஆர் சிக்ஸ்' என்று சொல்கிறார்கள். சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அது இரண்டு மூன்றுகள். ஒவ்வொரு வரியிலும் குவியலின் அளவே மாறிக்கொண்டு போகிறது. விடை ஒன்றுதான், படம் வேறு. தொடக்கத்தில் பிள்ளைக்குப் படம்தான் பெரிது. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கும் முதல் இரண்டு மாதம் வீட்டில் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள் என்பேன். ஈரேழு பதினாலு உலகம் என்று பாட்டி கதையில் கேட்ட காதுக்கு ஈரேழு பதினாலு தானாக ஒட்டிக்கொள்ளும்.

உருப்போடுவதில் உள்ள சிக்கல் வேறு. பிள்ளை அதை ஏணியாகப் படிக்கிறது. ஆறேழு எத்தனை என்று திடீரென்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மேலே செருகிக்கொண்டு, ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று உதடு அசையத் தொடங்கிவிடும். ஆறாவது படிக்கு ஐந்து படி ஏறித்தான் வர வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதல் படி. இதைத்தான் அரைகுறை என்றேன். வகுத்தலில் இதன் தண்டனை இரட்டிப்பு: 42இல் எத்தனை ஏழு என்று தேட, ஏணி முழுவதையும் ஏறி ஒவ்வொரு படியிலும் எட்டிப் பார்க்க வேண்டும்.

பாரம் பெரிதாகத் தெரிவதுதான் இதற்குக் காரணம். ஒன்றிலிருந்து பத்து வரை பத்து வாய்ப்பாடு, ஆளுக்குப் பத்து வரி, மொத்தம் 100. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது மலை. ஆனால் மூவேழும் ஏழு மூன்றும் ஒன்றே என்று கண்ணால் கண்ட பிள்ளைக்கு 100 சட்டென்று 55 ஆகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றை உருப்போட வேண்டியதே இல்லை. எண்ணிக்கொண்டே போனால் வந்துவிடும். அவற்றைக் கழித்தால் மிச்சம் 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குப் பத்து விரல் போதும். நாலு ஒன்பது வேண்டுமானால் இடமிருந்து நான்காவது விரலை மடக்கு. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு, விடை 36. நாலாம் வாய்ப்பாடு என்பது இரட்டித்து, மறுபடி இரட்டிப்பது. இவற்றையும் எடுத்துவிட்டால் உண்மையாக உருப்போட வேண்டியவை பத்தே பத்து: 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8.

இந்தப் பத்தையும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி எழுதி வைத்திருக்கிறேன். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. கலைத்துப் போட்டுக் கேட்பேன். ஏணிக்கு இடமே இல்லை. எல்லாருக்கும் கடைசியாகப் படிவது 7 × 8. அதற்கு ஒரு குறுக்கு வழி: 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதினால் 56 = 7 × 8. கணக்கு வாத்தியார்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

புளியங்கொட்டை

இனி லட்டுக் கேள்விக்கு வருகிறேன். 'கூட்டவா, பெருக்கவா' என்பதற்கு வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் பதில் கிடையாது. அந்தப் பதில் கையில்தான் கிடைக்கும். புளியங்கொட்டை, சோழி, தீக்குச்சி, எதுவானாலும் சரி. மூன்று தேங்காய்ச் சிரட்டை, ஒவ்வொன்றிலும் நாலு கொட்டை. "எத்தனை சிரட்டை? ஒரு சிரட்டைக்கு எத்தனை? மொத்தம்?" மூன்றே கேள்வி. பிறகு ஒரு சிரட்டையிலிருந்து ஒரு கொட்டையைத் திருடிவிட்டு அதே கேள்வியைக் கேட்பேன். இப்போது நாலு, நாலு, மூன்று. இதை மூநான்கு என்று சொல்லலாமா? "சொல்லக் கூடாது, சமமாக இல்லையே" என்று பிள்ளை சொல்கிற அந்த நொடியில் பெருக்கல் பிறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சமமான குவியல் இருந்தால் பெருக்கு, இல்லாவிட்டால் கூட்டு.

இது ஒன்றும் புதுமை இல்லை. நம் அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007வாக்கில் மாநிலம் முழுவதும் பரவியபோது, தரையில் பாய் விரித்து மணிகளையும் அட்டைகளையும் வைத்துத்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்ற அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை 12ஆம் வாய்ப்பாடு சொல்கிறதே என்று பதறும் பெற்றோர் அந்தப் பெயர்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் இதற்கென்று காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். முட்டைக் கடையில் 30 முட்டை வைக்கும் அட்டைத் தட்டைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி. தட்டைக் கால் சுற்று திருப்பினால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. குழி எதுவும் கூடவில்லை, குறையவில்லை. 100 எப்படி 55 ஆயிற்று என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் எனக்குத் தெரியாது. மாத்திரை அட்டையும் இதே வேலையைச் செய்யும். கோலம் இன்னும் ஒரு படி மேல். ஏழு புள்ளி ஐந்து வரிசை நேர்ப்புள்ளிக் கோலம் என்றால் 35 புள்ளி, எண்ணவே வேண்டாம். இடைப்புள்ளிக் கோலத்தில் ஏழு, ஆறு, ஐந்து, நாலு என்று வரிசை குறைந்துகொண்டே போகும். அங்கே பெருக்க முடியாது. எது பெருக்கல் இல்லை என்பதையும் வாசலிலேயே காட்டிவிடலாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நேரம் நிறையப் பிடிக்கும். கொட்டை மூக்குக்குள் போகும் வயதில் தம்பி தங்கை இருந்தால் ஒரு கண் அங்கே இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பிள்ளை கொட்டையிலேயே தங்கிவிடுவது. ஆறு மாதம் ஆகியும் ஆறெட்டுக்கு 48 கொட்டையை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையை எனக்குத் தெரியும். கணக்குப் புரிந்த பிள்ளைதான், ஆனால் தேர்வில் நேரம் போதவில்லை. ஆகவே ஒரு கட்டத்தில் கொட்டையின் மேல் துணியைப் போட்டு மூட வேண்டும். மூடிய பிறகும் துணிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் பிள்ளை அடுத்த படிக்குத் தயார்.

வகுத்தல் எப்போது

நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், பெரும்பாலான வீடுகளில் ஒரே தவறு நடக்கிறது. பெருக்கல் முழுவதும் முடியட்டும், வகுத்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பள்ளியும் பாடத்தை அப்படித்தான் அடுக்குகிறது. விளைவு கண்ணுக்கு எதிரே இருக்கிறது. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளந்து பார்க்கும் அசர் (ASER) ஆய்வில் அவர்களுக்குக் கொடுக்கும் கடைசிக் கணக்கு, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. 2024இல் நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேரே அதைச் செய்தார்கள்.

என் திண்ணையில் மூன்று சிரட்டைக்கு நாலு கொட்டை போட்ட அன்றே, அந்தப் பன்னிரண்டையும் கையில் அள்ளி இரண்டு விதமாகத் திருப்பிக் கேட்டுவிடுவேன். ஒன்று: "இந்தப் பன்னிரண்டை மூன்று பேருக்குப் பங்கு போடு." பிள்ளை சீட்டுப் போடுவதுபோல் ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வைக்கும், ஆளுக்கு நாலு. மற்றொன்று: "இந்தப் பன்னிரண்டைக் கூறு போடு, கூறுக்கு நாலு." இப்போது நாலு நாலாக எடுத்து வைக்கும், மூன்று கூறு. முதல் கேள்வியில் ஆள் தெரியும், பங்கின் அளவு தெரியாது. இரண்டாவதில் அளவு தெரியும், எத்தனை கூறு என்று தெரியாது. கை செய்யும் வேலை இரண்டிலும் வேறுவேறு; தாளில் இரண்டுமே வகுத்தல். பெரியவர்களுக்கு இந்த வித்தியாசமே மறந்துபோய்விட்டது. வகுத்தல் என்றால் பங்கு என்று மட்டும் பழகிய பிள்ளை, "48 ரூபாய் இருக்கிறது, ஒரு பேனா 6 ரூபாய், எத்தனை பேனா?" என்றால் திகைத்து நிற்கும். யாருக்குப் பங்கு போடுவது? இங்கே ஆளே இல்லையே. சந்தையில் எலுமிச்சையும் கத்தரிக்காயும் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இந்தத் திகைப்பு வராது. கூறு என்ற சொல் ஒன்றே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது.

இந்த இரண்டையும் ஒரே பலகையில் வைத்திருப்பது பல்லாங்குழி. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழி. குழிக்கு ஐந்து வைத்து ஆடினால் எத்தனை விதை வேண்டும்? பலகையைத் திறக்கும் முன்பே பெருக்கல் வந்துவிட்டது: 70. முதல் ஆட்டம் முடிகிறது. உங்கள் கையில் 38, என் கையில் 32. அடுத்த ஆட்டத்துக்குக் குழிக்கு ஐந்தாக நிரப்ப வேண்டும். உங்களுக்கு ஏழு குழியும் நிரம்பி மூன்று மிச்சம். எனக்கு ஆறு குழிதான் நிரம்புகிறது, மிச்சம் இரண்டு. ஏழாவது குழியை மூடிவிட்டு ஆட வேண்டும். தோற்றவள் தன் வகுத்தலை எவ்வளவு கவனமாகச் செய்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டும். ஈவும் மீதியும் அவளுக்கு மானப் பிரச்சினை ஆகிவிடுகின்றன.

மீதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 13 பிஸ்கட்டை நாலு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு மூன்று, மீதி ஒன்று. அந்த ஒன்றைப் பிள்ளை நாலாக உடைத்தால் ஆளுக்குக் கால் பிஸ்கட். பின்னம் அங்கேயே தொடங்கிவிட்டது, தடுக்காதீர்கள். பிஸ்கட்டுக்குப் பதில் கோலிக்குண்டு என்றால் உடைக்க முடியாது. 27 பேர் சுற்றுலா போகிறார்கள், ஓர் ஆட்டோவில் நாலு பேர், எத்தனை ஆட்டோ வேண்டும்? தாளில் ஈவு 6, மீதி 3. விடை 7 ஆட்டோ என்றேன். ஒரு பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆறு போதும். மூன்று பேரை மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம்." எங்கள் ஊர் ஆட்டோக்களைப் பார்த்திருப்பவர்கள் அவனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பார்கள். மீதியை என்ன செய்வது என்பதைக் கதைதான் முடிவு செய்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, எனக்கு அது போதும்.

அதன் பிறகு நெடுவகுத்தல். 618ஐ ஆறால் வகுக்கச் சொன்னால் பாதிப் பேர் 13 என்று எழுதுவார்கள். ஆறில் ஆறு ஒரு தடவை. ஒன்றை இறக்கு, போகாது. எட்டை இறக்கு, 18இல் ஆறு மூன்று தடவை. நடுவில் ஒரு பூஜ்யம் விழ வேண்டும் என்று நூறு முறை சொன்னாலும் நிற்காது. விளையாட்டு ரூபாய் நோட்டில் செய்து பாருங்கள். ஆறு நூறு ரூபாய் நோட்டு, ஒரு பத்து ரூபாய் நோட்டு, எட்டு ஒரு ரூபாய் நாணயம். பங்காளிகள் ஆறு பேர். நூறு நோட்டு ஆளுக்கு ஒன்று. பத்து ரூபாய் நோட்டு ஒன்றுதான் இருக்கிறது, ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே பத்து ரூபாய் நோட்டு ஆளுக்குப் பூஜ்யம். அதைச் சில்லறையாக மாற்றினால் பத்து நாணயம், ஏற்கெனவே இருந்த எட்டோடு 18, ஆளுக்கு மூன்று. ஒவ்வொருவர் கையிலும் 103. 'இறக்கு' என்ற மந்திரத்துக்குப் பொருள் 'சில்லறை மாற்று' என்பதுதான். 13 ரூபாய் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், மற்ற ஐந்து பங்காளிகளும் சும்மா இருக்க மாட்டார்கள்.

அபாகஸ்

மணிச்சட்டத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. இந்த வகுப்புகளில் வைத்திருப்பது ஜப்பானிய வகை. ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, அது ஐந்து; கீழே நாலு மணி, ஒவ்வொன்றும் ஒன்று. பெரிய எண்களைக் கூட்டவும் கழிக்கவும் பழகிய கைக்கு அது பறக்கும் கருவி. இட மதிப்பு விரலில் ஏறிவிடும், கவனம் குவியும். வகுப்பு ஆண்டு விழாவில் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காற்றில் மணியைத் தள்ளி விடை சொல்லும்போது பெற்றோருக்குப் புல்லரிக்கத்தான் செய்யும்.

ஆனால் சேர்க்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மணிச்சட்டத்துக்கு வாய்ப்பாடு தெரியாது. 47 × 8 போட வேண்டுமானால், நாற்பது எட்டுகள் 320 என்றும் ஏழெட்டு 56 என்றும் பிள்ளையின் தலைதான் சொல்ல வேண்டும். சட்டம் அந்த இரண்டையும் சேர்த்து 376 என்று காட்டும். வாய்ப்பாடு வராததால் அபாகஸில் சேர்க்கிறேன் என்பது, நீச்சல் வராததால் படகோட்டப் போகிறேன் என்பதைப் போல. லட்டுக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. அது எப்படிப் போடுவது என்பதைச் சொல்லித்தருகிறது, எப்போது போடுவது என்பதை அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு பையன் மூன்று ஆண்டு போனான். கூட்டலில் என்னைத் தோற்கடிப்பான். வகுத்தல் கதைக் கணக்கு வந்தால் இன்றும் என் முகத்தைப் பார்க்கிறான். பிள்ளைக்குப் பிடித்திருந்தால், கையில் காசும் இருந்தால், நான்காம் வகுப்புக்குப் பிறகு சேர்க்கலாம். பாட்டு வகுப்பில் சேர்ப்பதுபோல.

செயலிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலானவை நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்கின்றன. தப்பாகத் தொட்டால் பொம்மை அழும். பிள்ளைகள் பொம்மை அழுவதைப் பார்ப்பதற்காகவே தப்பாகத் தொடுவதையும் பார்த்திருக்கிறேன். விடையைத் தானே எழுதச் சொல்லும் செயலி கிடைத்தால், அட்டைக்குப் பதிலாக நாளுக்குப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அட்டை செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. அட்டைக்குச் சந்தா இல்லை, நடுவில் விளம்பரமும் வராது. அச்சடித்த பயிற்சித் தாள் கட்டுகளுக்கும் இதே தீர்ப்பு. புரிந்த பிறகு கொடுத்தால் பயிற்சி, புரியாதபோது கொடுத்தால் தண்டனை.

வரிசை

ஆக அந்த அம்மாவுக்கு நான் சொல்ல நினைத்தது: எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட எதை முன்னால் வைப்பது என்பதுதான் கேள்வி. முதல் ஒரு மாதம் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள். கொட்டை, தட்டு, கோலம், பல்லாங்குழி. பெருக்கலும் பங்கும் கூறும் ஒரே நாளில். இரண்டாம் மாதம் இரண்டு, பத்து, ஐந்து, பிறகு நாலு, எட்டு, பிறகு மூன்று, ஆறு, ஒன்பது, ஏழு கடைசி. ஏழு வரும்போது அதில் புதிதாக ஒன்றும் இருக்காது, ஏழேழு நாற்பத்தொன்பதைத் தவிர. மற்றதெல்லாம் வேறு வாய்ப்பாட்டில் வந்துவிட்டவை. ஒவ்வொரு அட்டையையும் மூன்று விதமாகக் கேளுங்கள்: ஆறேழு எத்தனை, 42இல் எத்தனை ஆறு, 42ஐ ஏழு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை. நாளுக்குக் கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். நாலு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. சிலருக்கு ஆறு ஆகும்.

நாளை மறுநாள் பள்ளியில் வாய்ப்பாட்டுத் தேர்வு என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உருப்போட வையுங்கள், வேறு வழி இல்லை. ஆசிரியர் எல்லார் முன்னும் நிற்க வைக்கும் அவமானம் கொட்டைப் பாடத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். தேர்வு முடிந்த மாலை சிரட்டைக்குத் திரும்பிவிடுங்கள்.

பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருந்து இன்னும் தடுமாறினால் இந்த வரிசை செல்லாது. பத்து வயதுப் பையன் முன்னால் புளியங்கொட்டையைப் பரப்பினால், தன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்துகிறார்கள் என்று எழுந்து போய்விடுவான். அவனுக்கு நேரே விளையாட்டு ரூபாய் நோட்டுக் கட்டையும் அந்தப் பத்து அட்டையையும் கொடுங்கள். வாரம் ஒருமுறை மளிகைச் சிட்டையை அவன் கையில் கொடுத்து, கிலோ 64 ரூபாய் அரிசி மூன்று கிலோ எவ்வளவு, கால் கிலோ 60 ரூபாய் என்றால் ஒரு கிலோ எவ்வளவு என்று கடைக்காரரிடம் அவனையே பேச விடுங்கள். சில்லறை குறைந்தால் அவன்தான் கேட்டு வாங்க வேண்டும்.